தத்தெடுத்த கினிப் பன்றியின் எடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கினிப் பன்றியைத் தத்தெடுத்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. நான் மருத்துவர் இல்லை. யாரோ வளர்த்துக் கைவிட்டவற்றைச் சில வருடங்களாக வீட்டில் வைத்துத் தேற்றி வேறு வீடுகளுக்கு அனுப்புகிறேன். அப்படி வந்ததில் சில போகாமல் என்னிடமே தங்கிவிட்டன. கீழே உள்ளதில் பாதி, தராசு முன்னால் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

பார்த்தாலே தெரியாதா? தராசு எதற்கு?

தெரியாது. இது மற்ற மிருகங்களுக்கு இரையாகும் பிராணி. நோவை மறைப்பது அதன் பிறவிக்குணம். உடம்பு சரியில்லாத நாளிலும் கிண்ணத்தருகே ஓடி வரும், புல்லைக் கவ்வும், மெல்லுவது போலக்கூட இருக்கும். போதாததற்கு ரோமம் எல்லாவற்றையும் மூடிவிடும். நீள ரோம வகை என்றால் கேட்கவே வேண்டாம். இளைத்துவிட்டதே என்று நம் கண்ணுக்குப் படும்போது, பெரும்பாலும் 100 கிராமுக்கு மேல் போயிருக்கும். 900 கிராம் பிராணிக்கு 100 கிராம் என்பது, 60 கிலோ மனிதர் ஆறரை கிலோ இளைப்பது போல. அதுவும் ஒன்றிரண்டு வாரத்தில்.

குட்டியிலிருந்து வளர்த்திருந்தால் அதன் வழக்கம் நமக்குத் தெரிந்திருக்கும். தத்தெடுத்ததற்கு முன்கதையே கிடையாது. வயது உத்தேசம், பாலினம்கூடப் பல சமயம் உத்தேசம்தான். முன்பு என்ன சாப்பிட்டது, எவ்வளவு எடை இருந்தது, யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் எழுதத் தொடங்கும் நாளிலிருந்துதான் அதற்கு ஒரு வரலாறு.

சரி, எவ்வளவு எடை இருக்க வேண்டும்?

வளர்ந்த பெண் பொதுவாக 700 முதல் 900 கிராம். ஆண் 900 முதல் 1200 கிராம். இதற்குக் கொஞ்சம் கீழேயோ மேலேயோ இருந்துகொண்டு நன்றாக வாழ்பவையும் உண்டு. என்னிடம் இருக்கும் மிளகு என்ற பெண் 680ஐத் தாண்டியதே இல்லை, துள்ளலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆண்டிஸ் மலைப்பகுதியில் இறைச்சிக்காகப் பெருக்கப்பட்ட பெரிய வகைகள் 2 கிலோவைக்கூடத் தாண்டும். அந்த ரத்தம் கலந்தது உங்களிடம் வந்தால் இந்த அளவெல்லாம் பொருந்தாது.

அதனால் பட்டியலில் உள்ள எண்ணை ரொம்ப நம்ப வேண்டாம். 950 கிராம் என்பதே ஒன்றுக்குக் கொழுப்பாகவும் இன்னொன்றுக்கு மெலிவாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது, இந்தப் பிராணியின் எடை எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை.

வந்த முதல் நாள் எடையை அதன் இயல்பான எடை என்று வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அது வெறும் தொடக்கப் புள்ளி. பட்டினியில் வந்திருக்கலாம், பெல்லட்டும் (சிறு குச்சிகளாக அழுத்தித் தயாரித்த கடைத் தீனி) விதைகளுமாகத் தின்று ஊதிப்போய் வந்திருக்கலாம், வயிற்றில் குட்டியோடும் வந்திருக்கலாம். பயணப் பெட்டியில் பயத்தில் எதுவும் தின்னாமல் வந்தால் அந்த ஒரு நாளிலேயே 20, 30 கிராம் குறைந்திருக்கும். முதல் நாள் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதை வைத்து முடிவு எதுவும் எடுக்காதீர்கள். உடல்நிலை சீராக இருந்து, நல்ல சாப்பாட்டுக்குப் பழகி, ஆறு எட்டு வாரம் எடை பெரிதாக மாறாமல் நின்றால் அதை அதன் இயல்பு எடை என்று சொல்லலாம். குட்டிகளுக்கு இந்தக் கணக்கே வேறு, கீழே வருகிறது.

என்ன தராசு வாங்குவது?

சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு. 1 கிராம் துல்லியம், 3 கிலோவோ 5 கிலோவோ தாங்கும் திறன், இவ்வளவு போதும். மனிதர்கள் ஏறி நிற்கும் தராசு இதற்கு ஆகாது. அது பெரும்பாலும் 100 கிராம் படியில்தான் மாறும், அந்த ஒரு படி இறங்குவதற்குள் காரியம் கெட்டுவிடும். தராசு சரியாக இருக்கிறதா என்று எப்போதாவது சரிபாருங்கள். எடை அச்சிட்ட, பிரிக்காத பொட்டலம் ஒன்றையே எப்போதும் வைத்துப் பார்த்தால் போதும். பேட்டரி தீரும் நேரத்தில் சில தராசுகள் கன்னாபின்னாவென்று காட்டும். அப்படி ஒருமுறை 70 கிராம் குறைந்துவிட்டது என்று இரவெல்லாம் விழித்திருந்திருக்கிறேன். காலையில் பேட்டரி மாற்றினால், எடை அப்படியே இருந்தது.

எப்படி நிறுப்பது? தராசில் வைத்தால் ஓடுகிறதே.

தட்டில் நேரடியாக வைத்தால் ஓடத்தான் செய்யும். கொஞ்சம் ஆழமான பிளாஸ்டிக் டப்பாவோ கூடையோ எடுத்து, அடியில் சின்னத் துணி விரித்து, தராசில் வைத்துப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பிராணியை உள்ளே விடுங்கள். தராசைத் தரையில் வைத்து நிறுப்பதே நல்லது. மேசையிலிருந்து குதித்தால் கால் போகும், பல் உடையும். தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில். பின்பக்கம் தொங்கினால் பயந்து துள்ளும்.

உள்ளே விட்டதும் ஒரு கொத்தமல்லித் தழையைக் கொடுங்கள். அந்தத் தழையையும் டப்பாவோடு சேர்த்து முன்பே பூஜ்யமாக்கிவிடுவது என் பழக்கம். நான்கைந்து தடவைக்குள் டப்பாவைப் பார்த்தாலே தழை வரப்போகிறது என்று தானாக ஏறி உட்காரத் தொடங்கிவிடும். எண் ஆடிக்கொண்டே இருந்தால் மூன்று முறை பார்த்து நடுவில் உள்ளதை எழுதுங்கள். துணியைத் துவைத்து மாற்றியிருந்தால் மறுபடி பூஜ்யமாக்க மறக்காதீர்கள். அவசரத்தில் எல்லோரும் தவறவிடுவது இதைத்தான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

வந்த முதல் இரண்டு வாரம் தினமும். அப்புறம் வாரம் ஒருமுறை, வாழ்நாள் முழுக்க. நோயிலோ மருந்திலோ இருக்கும்போது மறுபடி தினமும். எந்தக் கிழமை என்பது உங்கள் வசதி, ஆனால் நேரம் ஒன்றாக இருக்கட்டும். காலையில் காய்கறி வைப்பதற்கு முன் என்றால் எப்போதும் காலையில் காய்கறி வைப்பதற்கு முன். ஒரு வாரம் வயிறு நிறைந்த பிறகும் அடுத்த வாரம் வெறும் வயிற்றிலும் நிறுத்தால் அந்த வித்தியாசம் எதையும் சொல்லாது.

போன வாரத்தைவிட 20 கிராம் குறைவு. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். ஒரு வேளைச் சாப்பாடு, கொஞ்சம் தண்ணீர், ஒருமுறை சிறுநீர், சில புழுக்கைகள், இவற்றிலேயே 20, 30 கிராம் ஏறி இறங்கும். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி நிறுத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

ஆனால் 20 கிராம் என்பது மூன்று வாரம் தொடர்ந்து நடந்தால் கதை வேறு. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் இல்லை, சேர்த்துப் பார்த்தால் 60 கிராம். எழுதி வைக்காதவர்களிடம் மாட்டிக்கொள்வது இந்த மெதுவான சரிவுதான். பல் பிரச்சினை பெரும்பாலும் இந்த வழியில்தான் வரும்.

எவ்வளவு குறைந்தால் டாக்டரிடம் போக வேண்டும்?

வளர்ந்த பிராணிக்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. 30 கிராம் வரை, மறுநாள் மறுபடி நிறுப்பேன். 50, 60 கிராம் என்றால் தினமும் நிறுத்து, சாப்பாட்டையும் புழுக்கையையும் கவனித்து, டாக்டருக்கு போன் போட்டு நேரம் வாங்குவேன். 85 கிராமை நெருங்கினாலோ மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு போனாலோ அன்றைக்கே கிளம்பிவிடுவேன். குட்டிக்கும் சிறிய உடம்புக்கும் கிராமைப் பார்க்காமல் விகிதத்தைப் பாருங்கள். 300 கிராம் குட்டிக்கு 30 கிராமே பத்தில் ஒரு பங்கு. போதாததற்கு, குட்டிக்கு எடை குறையவே கூடாது. ஒரு வாரம் ஏறாமல் நின்றாலே கேள்விதான்.

இந்தக் கணக்கெல்லாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிராணிக்கு. சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட்டால் தராசைத் தேட வேண்டாம், டாக்டரைத் தேடுங்கள்.

புது இடம், கூச்சம். சாப்பிடாமல் இருந்தால் இரண்டு நாள் பழகட்டும் என்று விடலாமா?

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் குரலை உயர்த்திச் சொல்கிறேன், விடவே கூடாது. நாயும் பூனையும் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்து பிறகு சரியாகிவிடலாம். கினிப் பன்றியின் குடல் நார்ச்சத்தால் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டிய குடல். உள்ளே எதுவும் போகவில்லை என்றால் நகர்வு மெதுவாகும், வாயு சேரும், வலிக்கும். வலிப்பதால் இன்னும் சாப்பிடாது. குண்டான பிராணி என்றால் உடம்புக் கொழுப்பு கரைந்து கல்லீரலில் போய்ச் சேரும் ஆபத்தும் உண்டு. 12 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 24 மணி நேரம் என்பது அவசர நிலை.

கூச்சத்தால் சாப்பிடாதது எது, நோயால் சாப்பிடாதது எது? கூச்சப்படுவது ஆள் இல்லாத நேரத்தில் சாப்பிடும். மறைவிடத்துக்குள்ளேயே புல்லை வைத்து, மேலே துணி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு வாருங்கள். காலையில் புல் குறைந்து, புழுக்கை வழக்கமான அளவில் கிடந்தால் கூச்சம்தான். புழுக்கை சிறுத்து, வாலோடு கண்ணீர்த்துளி போல, அல்லது எண்ணிக்கையில் அரிதாகக் கிடந்தால் உள்ளே ஏதோ சரியில்லை. தராசு நாளைக்குச் சொல்லப்போவதைப் புழுக்கை இன்றைக்கே சொல்லிவிடும்.

சாப்பிட ஆசைப்படுகிறது, ஆனால் எடை குறைகிறது. என்ன காரணம்?

ஆசையாக ஓடி வந்து, வாயில் எடுத்து, கீழே போட்டுவிடுகிறது என்றால் முதலில் பல்லைச் சந்தேகப்படுங்கள். கினிப் பன்றிக்கு 20 பற்கள். அத்தனையும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்னால் தெரியும் நான்கும் போக, உள்ளே இருக்கும் 16 கடைவாய்ப் பற்களில்தான் வினை. புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்றால் அவை தேயும். முந்தைய வீட்டில் பெல்லட்டிலேயே வளர்ந்திருந்தால் தேயாமல் நீளும். கீழ்ப் பற்கள் உள்பக்கமாக வளைந்து நாக்கின் மேல் பாலம் போட்டது போல் ஆகிவிடும். பிறகு நாக்கை அசைத்து விழுங்கவே முடியாது. முதலில் புல்லை விடும், அப்புறம் கேரட் போன்ற கடினமானதை விடும், கடைசியில் மெல்லிய இலை மட்டும் தின்னும். தாடை நனைந்திருக்கும். முன்பற்களைப் பார்த்துவிட்டு பல் நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடைவாயை வீட்டில் பார்க்க முடியாது, வாய் அவ்வளவு குறுகல். அதற்கென்று கருவி வேண்டும், பல சமயம் எக்ஸ்ரேயும் வேண்டும்.

அடுத்தது வைட்டமின் சி. மனிதர்களைப் போலவே கினிப் பன்றியாலும் இதை உடம்புக்குள் தயாரித்துக்கொள்ள முடியாது. சாப்பாட்டில் இல்லாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் குறைபாடு தலைகாட்டும். ரோமம் கரடுமுரடாகும், மூட்டு வலிக்கும், நகரவே யோசிக்கும், தொட்டால் கத்தும், எடை இறங்கும். புறக்கணிக்கப்பட்ட வீடுகளிலிருந்து வருபவற்றில் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தோலில் சிரங்குப் பூச்சி இருந்தால் அரிப்பின் வேதனையிலேயே உடம்பு கரையும். அரிப்பு முற்றினால் வலிப்பு போலக்கூட வரும். மூச்சில் சத்தமோ மூக்கில் சளியோ இருந்தால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம், அதற்கு ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். சிறுநீர் போகும்போது கத்தினால், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், சிறுநீர்ப்பையில் கல் இருக்கலாம்.

வாயும் சரி, நன்றாகவே சாப்பிடுகிறது. இருந்தும் இளைக்கிறதே?

மூன்று வயதைத் தாண்டியது என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பசி கூடும், துறுதுறுப்பும் கூடும், எடை மட்டும் குறையும். ரோமமில்லாத வகை என்றால் உடம்புச் சூட்டைக் காக்கவே நிறையச் சாப்பாடு செலவாகும், அதற்கு மற்றவற்றைவிடக் கூடுதலாகத்தான் கொடுக்க வேண்டும்.

தராசோடு கையாலும் பார்க்கச் சொல்கிறார்களே, எப்படி?

எடை போட்டு முடித்ததும் மடியில் வைத்து விலாவின் இரண்டு பக்கமும் விரல்களால் லேசாக அழுத்திப் பாருங்கள். லேசான அழுத்தத்தில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டால், ஆனால் துருத்திக்கொண்டு நிற்காவிட்டால், சரியான உடம்பு. தொட்டதும் சீப்புப் பல் போலக் குத்தினால், முதுகெலும்பும் இடுப்பெலும்பும் முனை முனையாக நின்றால், மெலிவு. அழுத்தித் தேடியும் விலா கிடைக்கவில்லை, முன்னங்கால் மேல் சதை மடிகிறது, உட்கார்ந்தால் பாதங்களே தெரியவில்லை என்றால் கொழுப்பு. என்ன எண் வந்தாலும் அதன் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள். எலும்பு, சரி, கொழுப்பு, இந்த மூன்றில் ஒன்று போதும்.

இரண்டாகத் தத்தெடுத்தோம். ஒன்று ஏறுகிறது, இன்னொன்று இறங்குகிறது.

முதலில், நல்லது. இரண்டையும் தனித்தனியாக நிறுத்ததால்தான் இது தெரிந்தது. கூட்டாக வாழும் பிராணிகளில் யார் தின்றது யார் தின்னவில்லை என்று காலிக் கிண்ணம் சொல்லாது.

பெரும்பாலும் இது அதட்டல் விவகாரம். ஒன்று புல்மேட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு அடுத்ததை அண்டவிடாது. புல்லை இரண்டு மூலையில் வையுங்கள், தண்ணீர் இரண்டு இடத்தில், மறைவிடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாசல். காய்கறியைக் கிண்ணத்தில் குவிக்காமல் தரையில் பரவலாகத் தூவுங்கள். ஒரு வாரத்தில் இறங்கியது ஏறத் தொடங்கினால் காரணம் அதட்டல்தான். இத்தனை செய்தும் ஏறவில்லை என்றால் நோய் என்று எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சண்டைதான் காரணம் என்று நானே ஒருமுறை மூன்று வாரம் ஒத்திப்போட்டு, கடைசியில் அது பல்லாக இருந்தது.

பெண் கினிப் பன்றி வாராவாரம் ஏறுகிறது. நன்றாகத் தேறுகிறது என்று சந்தோஷப்படலாமா?

கொஞ்சம் பொறுங்கள். முன்பு எங்கிருந்தது, கூட ஆண் இருந்ததா? பெண் குட்டி நான்கு வார வயதிலேயே கருத்தரிக்கக்கூடும். இரண்டுமே பெண் என்று சொல்லிக் கொடுத்ததில் ஒன்று ஆணாக இருப்பது இந்த உலகத்தில் சர்வசாதாரணம். சினைக்காலம் 59 முதல் 72 நாள். ஆகவே வந்த நாளிலிருந்து 11 வாரம் கடந்தால்தான், பழைய இடத்தில் கருவுற்றிருக்குமோ என்ற சந்தேகம் தீரும். அதுவரை அது சாப்பாட்டால் ஏறுகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது. வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், டாக்டர் ஸ்கேன் பார்ப்பார். எட்டு மாதத்துக்கு மேல் வயதாகி முதல் முறையாகச் சினையாகும் பெண்ணுக்கு இடுப்பெலும்பின் இணைப்பு இறுகிப்போயிருக்கும், பிரசவம் சிக்கலாகலாம். அதனால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது உயிர் விஷயம். சினையாக இருக்கும்போது எடை குறைந்தாலோ சாப்பாட்டை விட்டாலோ உடனே மருத்துவமனை.

எடை அப்படியே இருக்கிறது, ஆனால் வயிறு பெருத்து முதுகு எலும்பாகத் தெரிகிறது.

தராசு ஏமாற்றும் இடம் இது. ஒன்றரை வயதைத் தாண்டிய பெண்களுக்குச் சூலகத்தில் நீர்க்கட்டி வருவது மிகவும் சகஜம். கட்டி வளர்ந்து எடை கூட்டும், உடம்பு இளைத்து எடை குறைக்கும், மொத்தத்தில் எண் அசையாது. இரண்டு விலாப் பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். எடை போட்ட கையோடு தடவியும் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான். வயிறு திடீரென, சில மணி நேரத்தில், மத்தளம் போல இறுகி உப்பினால் அது கட்டி இல்லை, வாயு. காலை வரை காத்திருக்க முடியாத அவசரம்.

எலும்பும் தோலுமாக வந்திருக்கிறது. எப்படித் தேற்றுவது?

நிதானமாக. பாவம் பார்த்து முதல் நாளே பழமும் கேரட்டும் கிண்ணம் நிறைய வைத்துவிடுவார்கள், பழகாத குடல் அதைத் தாங்காமல் வயிற்றுப்போக்கில் போய் முடியும். முதலில் காய்ந்த புல். திமோத்தி போன்ற புல்வகை, நாள் முழுக்க, அளவே இல்லாமல். சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு அதுவாகத்தான் இருக்க வேண்டும். முன்பு தின்ற பெல்லட் தெரிந்தால் அதையே கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக நல்லதுக்கு மாற்றுங்கள். காய்கறியை ஒவ்வொன்றாக, சிறு துண்டாக அறிமுகப்படுத்துங்கள். குதிரைமசால் புல்லில் புரதமும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம். குட்டிக்கும் சினையாக இருப்பதற்கும் அது நல்லது. வளர்ந்து மெலிந்ததற்கு டாக்டர் சொன்னால் சில வாரம் கொடுக்கலாம். பழக்கமாக்கினால் சிறுநீர்ப்பையில் கல் சேர வாய்ப்பு.

ஆனால் ஒன்று. மெலிவுக்குக் காரணம் பல்லோ பூச்சியோ என்றால் எவ்வளவு கொட்டினாலும் ஏறாது. வந்த வாரத்திலேயே டாக்டரிடம் முழுப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதுவரையும் அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரமும் பழைய பிராணிகளோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். அதன் டப்பாவும் துணியும்கூடத் தனி.

வைட்டமின் சி சொட்டு மருந்தைத் தண்ணீரில் கலந்தால் போதாதா?

போதாது. வெளிச்சத்திலும் காற்றிலும் அது சீக்கிரம் வீரியம் இழக்கும். தண்ணீரின் ருசி மாறினால் சில குடிப்பதையே குறைத்துவிடும், அப்புறம் எடை இன்னும் இறங்கும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் தேவை. சிவப்புக் குடைமிளகாய் 100 கிராமில் 120 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, ஆக தினம் ஒரு துண்டு போதும். குறைபாட்டோடு வந்ததற்கு டாக்டர் அளவு சொல்லி நேராக வாயில் கொடுக்கச் சொல்வார். பெல்லட் பொட்டலத்தில் தயாரித்த தேதியைப் பாருங்கள். பழசானால் அதில் சேர்த்த வைட்டமின் சி பெயரளவுக்குத்தான் இருக்கும்.

எங்களுடையது ரொம்பக் குண்டு. பட்டினி போடலாமா?

மேலே சொன்ன கல்லீரல் விஷயம் நினைவிருக்கட்டும். பட்டினி கூடாது, புல்லைக் குறைக்கவும் கூடாது. பெல்லட்டைப் படிப்படியாக நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி வரை கொண்டுவாருங்கள். விதை, கொட்டை, தேன் தடவிய கடைத் தீனி, இவற்றை நிறுத்துங்கள். பழம் எப்போதாவது ஒரு விரல்நுனி அளவு. வாரத்துக்கு 10, 15 கிராம் குறைந்தாலே நல்ல வேகம். அதைவிட வேகமாக இறங்கினால் பெருமைப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

சக்கரம், உருண்டைப் பந்து என்று விற்பார்கள். வாங்காதீர்கள், அதன் முதுகு அப்படி வளையாது. தரையில் இடம் கொடுத்து, புல்லைக் காகிதச் சுருளுக்குள்ளும் அட்டைப்பெட்டிக்குள்ளும் ஒளித்துவைத்தால் தானே ஓடும். குண்டானவற்றுக்குப் பாதம் புண்ணாகும், வெயில் சூடு தாங்காது, தன் ஆசனவாயிலிருந்து எடுத்துத் தின்ன வேண்டிய மென்புழுக்கையைக்கூடக் குனிந்து எடுக்க முடியாது. ஆம், தின்ன வேண்டும். அதில்தான் பி வைட்டமின்கள் இருக்கின்றன. முகம் சுளிக்காதீர்கள்.

குட்டிக்கு எவ்வளவு ஏற வேண்டும்?

பிறக்கும்போது 100 கிராமுக்கு முன்னே பின்னே இருக்கும். முதல் சில மாதம் வாரத்துக்கு 25 முதல் 50 கிராம் வரை ஏறும். அப்புறம் வேகம் குறைந்து, ஒரு வயதை ஒட்டி நிற்கும்.

வயதானதற்கு?

நான்கைந்து வயதுக்கு மேல் சதை மெல்லக் கரைவது இயல்பு. மாதக் கணக்கில் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு மெதுவாக. வாரத்தில் தெரியும் எந்த இறக்கத்தையும் வயசாச்சு என்று தள்ளிவிடாதீர்கள்.

சிரிஞ்சில் ஊட்டலாமா?

ஊட்டத் தெரிந்திருப்பது நல்லது. எவ்வளவு, எத்தனை வேளை என்பதை டாக்டர் சொல்லட்டும். தாவர உண்ணிகளுக்கான மீட்புத் தூள் (தானாகச் சாப்பிடாதவற்றுக்கு நீரில் கரைத்து ஊட்டும் உணவு) கிடைக்காவிட்டால் பெல்லட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கூழாக்கலாம். மல்லாத்தக் கூடாது, நிமிர்த்தி வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஊசியில்லாத சிரிஞ்சின் முனையைவிட்டு, அரை மில்லி, ஒரு மில்லியாகக் கொடுத்து, மென்று விழுங்க விடுங்கள். வேகமாகத் தள்ளினால் நுரையீரலுக்குப் போகும். வயிறு உப்பி இறுகியிருந்தால் எதையும் ஊட்டாமல் டாக்டரிடம் ஓடுங்கள். ஊட்டும் நாட்களில் தினமும் ஒரே நேரத்தில், ஊட்டுவதற்கு முன் நிறுங்கள். கொடுப்பது போதுமா என்பதற்கு அதைவிட நேரான பதில் இல்லை.

டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோவது?

எடை நோட்டு, அன்றைய புழுக்கை கொஞ்சம், வழியில் கொறிக்கப் புல். நாய் பூனை மட்டுமே பார்ப்பவர் என்றால் கினிப் பன்றி பார்த்த அனுபவம் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள், கேட்பதில் தப்பில்லை. அறுவைக்கு முன் வெறும் வயிற்றில் வைக்கச் சொன்னாலும், அமாக்சிசிலினோ பெனிசிலினோ வாய்வழியாகக் கொடுக்க எழுதினாலும், இது கினிப் பன்றிக்கு ஆகுமா என்று பணிவாக ஒருமுறை கேளுங்கள். அந்த மருந்துகள் வாய்வழி போனால் குடலின் நல்ல கிருமிகளை அழித்து உயிரையே எடுத்துவிடும்.

நோட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளாச் சரியா சாப்பிடலை என்று சொன்னபோது, என்னிடம் ஒரு டாக்டர் பொதுவாகத் தலையாட்டினார். ஜனவரியில் 910, இப்போது 835, இறக்கம் மூன்று வாரமாக என்று நோட்டைக் காட்டியதும் கடைவாய்ப் பல்லைப் பார்க்கக் கருவியை எடுத்தார்.

செயலியில் குறிப்பதா, நோட்டிலா?

எதிலாவது. எனக்குக் கூண்டின் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கும் நோட்டு. தேதி, எடை, கை சொன்ன வார்த்தை, அன்றைக்கு விசேஷமாக ஏதாவது இருந்தால் அது. நகம் வெட்டியது, புது பெல்லட், வீட்டில் விருந்தாளி, எல்லாம்.

ஒரு வாரம் வெளியூர் போகிறோம். பார்த்துக்கொள்பவரை எடை போடச் சொல்லலாமா?

தூக்கிப் பழகியவர் என்றால் சொல்லுங்கள். பழகாதவர் என்றால் வேண்டாம், கீழே போட்டுவிடுவார். தினமும் காலையில் புல்லையும் புழுக்கையையும் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும். கிளம்பும் அன்று ஒருமுறை, திரும்பி வந்த அன்று பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஒருமுறை, நீங்களே நிறுத்துக்கொள்ளுங்கள்.